பெற்றோர் பெயரில் சொத்து: பவர், உயில், செட்டில்மென்ட் பற்றிக் கேட்டவை

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. மறதி நோய், ஆரம்பக் கட்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதே என் பெயருக்கு பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கிவிட்டால் பின்னால் வங்கி, வீடு எல்லாம் நானே பார்த்துக்கொள்ளலாம்தானே சார்?

பதில்: முடியாது தம்பி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு: பவர் கொடுத்தவர் இறந்தாலும் சரி, புத்தி சுவாதீனம் இழந்தாலும் சரி, பவர் அன்றோடு காலி. எந்த நிலைமைக்குப் பயந்து வாங்குகிறீர்களோ, அந்த நிலைமை வந்ததுமே அது செல்லாது. நினைவு தப்பிய பிறகும் செல்லுகிற பவர் சில வெளிநாடுகளில் உண்டு. வீடியோ பார்த்துவிட்டு அதைக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. நம் சட்டத்தில் அது கிடையாது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஆள் நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதில் வந்த 2017 சட்டம் சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசுகிறது, சொத்தைத் தொடவே இல்லை. அதனால் நோய் முற்றிய பிறகு பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டியிருக்கும். அலைச்சல்தான்.

ஆகவே இந்த மாதமே செய்யுங்கள். ஆரம்பக் கட்டம் என்பதாலேயே அப்பாவின் கையெழுத்து செல்லாது என்றில்லை. கையெழுத்திடும் நேரத்தில் என்ன எழுதுகிறோம் என்று புரிந்தால் போதும். உயில் எழுதட்டும். தெளிவாக இருக்கிறார் என்று அன்றைய தேதியிலேயே டாக்டர் சான்று வாங்குங்கள். டாக்டரே ஒரு சாட்சியாகக் கையெழுத்திட்டால் இன்னும் பலம். வங்கிக் கணக்கில் 'இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்' என்று அம்மாவையோ உங்களையோ சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா வீட்டைத் தம்பிக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சாப்பாட்டுக்கே என்னிடம்தான் இருக்கிறார். திரும்ப வாங்க முடியுமா?

பதில்: 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதியதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் 23-வது பிரிவின் கீழ் அம்மா ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது என்று காட்ட வேண்டும். 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், தாயைப் பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்ததையும் கணக்கில் எடுத்துத் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. தம்பி எழுதிய துண்டுச் சீட்டு இருந்தாலும் தேடி எடுங்கள்.

இனிமேல் எழுதப்போகிறவர்களுக்கு: ஆயுள் வரை அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே போடுங்கள். என்னைக் கேட்டால் செட்டில்மென்டே வேண்டாம், உயில் போதும். மனசு மாறினால் மாற்றி எழுதலாம். பிள்ளைகள் 'இப்பவே எழுதிடுங்க' என்று அவசரப்படுத்தினால் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: உயிலைப் பதிவு செய்தே ஆகணுமா? முத்திரைத்தாள் எவ்வளவுக்கு?

பதில்: பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. முத்திரைத்தாள் தேவையே இல்லை, வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இரண்டு பேர். சொத்து பெறுகிறவர் வேண்டாம், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும்.

கேள்வி: டெபாசிட்டில் அண்ணன்தான் நாமினி. பணம் முழுக்க அவருக்கா?

பதில்: இல்லை. வங்கி அவர் கையில் கொடுக்கும், அவ்வளவுதான். உயில் இருந்தால் உயில்படி, இல்லாவிட்டால் வாரிசுகளுக்கு. 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

கேள்வி: மாமியாருக்கு 81. 'எனக்கு மெஷின் எல்லாம் வைக்காதீங்க' என்கிறார். எழுதி வைக்கலாமா?

பதில்: தாராளமாக, அம்மா. உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, பிறகு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்று. தன் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் அவர் அதில் எழுதலாம். குணமாகும் வாய்ப்பே இல்லாத நிலையில், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். பிரதியைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: உயில் என்றாலே அப்பா 'நான் சாகணும்னு பார்க்கிறியா' என்கிறார்.

பதில்: யாருக்கு எது என்று கேட்காதீர்கள். மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில், லாக்கரில் இரண்டாவது பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், அந்த வேலையை அவரோடு சேர்ந்து முதலில் முடியுங்கள்.