பருப்பை நிறுத்தினீர்கள், எடை பார்த்தீர்களா?

கேள்வி: மகனுக்கு 9 வயது. மூன்று மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி என்கிறான். ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் தண்ணீராகப் போகிறது. போய்விட்டு வந்தால் வலி குறைகிறது. குடல் பாக்டீரியா கெட்டுப்போனதால்தான் இப்படி என்று யூடியூபில் பார்த்தேன். பால், கோதுமை, பருப்பை நிறுத்திவிட்டு நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல் தருகிறேன். ஜூனில் தைத்த கால்சட்டை இப்போது இடுப்பில் நிற்கவில்லை. மாமனார் 70 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தவர். பயமாக இருக்கிறது.

பதில்: மாமனாருக்கு 70 வயதில் வந்ததைப் பேரனின் வயிற்றில் தேடாதீர்கள். இந்த வயதில் அது மிக மிக அரிது.

எனக்கு உறுத்துவது அந்தக் கால்சட்டை. இந்த வயதுப் பிள்ளை வருடத்துக்கு 2, 3 கிலோ ஏற வேண்டும், இறங்கவே கூடாது. இந்த அறிகுறிகளைக் கேட்டதும் நினைவுக்கு வரும் ஐ.பி.எஸ். (IBS) என்ற குடல் தொந்தரவு வலிக்கும், படுத்தும். ஆனால் எடையைக் குறைக்காது. ஆக, ஒன்று குடலில் அழற்சி மாதிரி வேறு நோய் இருக்கிறது. இல்லையென்றால் மூன்று உணவுகளைப் பிடுங்கிய நீங்கள்தான் காரணம். இரண்டாவதாக இருக்கட்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் ஊகித்துக்கொண்டு உட்கார முடியாது. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி எடை, உயரம் பாருங்கள். பழைய அளவு எழுதிய அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். ரத்தப் பரிசோதனையும், குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனையும் தேவைப்படலாம். மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத காய்ச்சல் இருந்தால் வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கோதுமையை இப்போதே திரும்பக் கொடுங்கள். அதை நிறுத்திய நிலையில் எடுத்தால், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருந்தாலும் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். பருப்பையும்தான். நீங்கள் காப்பாற்றத் துடிக்கும் பாக்டீரியாக்களுக்குப் பருப்பிலும் காய்கறியிலும் உள்ள நார்ச்சத்துதான் சோறு. அதைப் பறித்துவிட்டுக் கேப்ஸ்யூல் கொடுப்பது என்ன கணக்கோ! புரோபயாடிக்கில் ஒன்றிரண்டு குறிப்பிட்ட வகைகள் சில பிள்ளைகளுக்கு ஓரளவு உதவலாம். கடையில் கிடைத்ததெல்லாம் அதுவல்ல.

எடை சரியாக இருந்து, பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றால், ஐ.பி.எஸ். ஆக இருக்கலாம். அப்போதும் அவன் நடிக்கிறான் என்று யாரும் சொல்லக் கூடாது. சாதாரண வாயு நகர்வதையே அவன் குடலின் நரம்புகள் வலியாக உணர்கின்றன.

இன்னொன்று. மலத்தை அடக்கி அடக்கி இறுகிப்போனால், அதன் ஓரமாகத் தண்ணீர் மாதிரி கசியும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்பார்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறானா என்று இன்று ராத்திரி அவனிடமே கேளுங்கள்.