லொரைன் ஹான்ஸ்பெர்ரியின் வீடு

வணக்கம்.
லொரைன் ஹான்ஸ்பெர்ரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தைப் படித்தேன். நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளான பிராட்வேயில் நாடகம் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்பதால் ஆவலோடு எடுத்தேன். கடைசியில் ஒரு குடும்பம் வெள்ளையர் பகுதிக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான். வீட்டுக் கனவை எழுதியவரை ஏன் போராளி என்கிறார்கள்?
ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

கறுப்பினப் பாடகரும் போராளியுமான பால் ராப்சனின் ‘ஃப்ரீடம்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர் லொரைன். 1963இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சர் ராபர்ட் கென்னடியைச் சந்தித்தபோது, கறுப்பர் உரிமைப் போராட்டத்தில் அடிபட்டுச் சிறைசென்ற ஜெரோம் ஸ்மித் என்ற இளைஞர் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார். இதெல்லாம் இருக்கட்டும். அந்த நாடகமே எனக்குப் போதும்.

நீங்கள் அதைச் சுபமான முடிவாக எடுத்துக்கொண்டீர்கள். குடிபோனபின் என்ன நடக்கும் என்று லொரைனுக்குச் சிறுவயதிலேயே தெரியும். 1937இல் அவர் தந்தை கார்ல், சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பர்களுக்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று அங்கே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டு முன்னால் கும்பல் கூடியது. ஜன்னல் வழியே வந்து விழுந்த கல்லிலிருந்து லொரைன் மயிரிழையில் தப்பினார். குடும்பத்தை வெளியேற்றச் சொல்லி அக்கம்பக்கத்தார் போட்ட வழக்குக்காகத் தந்தை வெளியூரில் இருந்த இரவுகளில், அம்மா நானி குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு விடியவிடியக் காவல் இருந்தார்.

1940இல் உச்ச நீதிமன்றத்தில் கார்ல் ஜெயித்தார். ஆனால் அந்த ஒப்பந்தம் செல்லும் என்ற முந்தைய வழக்கொன்றின் தீர்ப்பு இவரைக் கட்டுப்படுத்தாது என்பதோடு நீதிபதிகள் நிறுத்திக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களே செல்லாது என்று சொல்லவில்லை. மனம் கசந்துபோன கார்ல் மெக்சிகோவில் குடியேற நினைத்தார். 1946இல் அங்கேயே இறந்தார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண்தான், 1959இல், 28 வயதில், நாடகத்தின் யங்கர் குடும்பத்தை மூட்டை முடிச்சோடு அனுப்பி வைக்கிறார். அவர்கள் வர வேண்டாம் என்பதற்காக வெள்ளையர் சார்பில் பணம் தர வரும் லிண்ட்னரை மறுபடி படியுங்கள். எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்! அந்த மரியாதைக்குப் பின்னால் நிற்கும் கும்பலைக் கண்ணால் கண்டவருக்குத்தான் அவரை அப்படி எழுத வரும்.

இன்னொன்று. கறுப்பர் வீட்டில் குண்டு வெடித்த செய்தியோடு பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மாள் வருகிற காட்சி ஒன்று உண்டு. முதல் மேடையேற்றத்தில் அதை வெட்டிவிட்டார்கள், பிற்காலப் பதிப்புகளில் சேர்த்தார்கள். உங்களிடம் இருக்கும் புத்தகத்தில் அது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், இருக்கிற பதிப்பைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.