வேனின் ஸ்லைடிங் ஜன்னல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது, சிலிகான் அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

சிலிகானை எந்த இடத்தில் அடித்தீர்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். ஜன்னல் ஃபிரேமின் கீழ் விளிம்பில், வெளிப்பக்கமாக அடித்திருந்தால் இன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் வெளியே போகிற வழியை அது அடைத்துக்கொண்டிருக்கும். நானும் இதையேதான் செய்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அவதிப்பட்ட பிறகுதான் புரிந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகிற 12 சீட் வேன் என்னுடையது. பழைய வண்டி, இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கண்ணாடி. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது மேலுமலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால், இடப்பக்க ஜன்னலின் முன் மூலையிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் சீட்டில் கொட்டும். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும், அப்போதும் கொட்டும். "அண்ணா, இன்னைக்கும் நனைஞ்சிடுச்சுண்ணா" என்பார் அங்கே உட்காருகிற பெண். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வருகிறவர், வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

மழை நின்ற பிறகும், அதுவும் பிரேக் அடிக்கும்போது மட்டும் கொட்டுகிறது என்றால், தண்ணீர் அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரவில்லை. கண்ணாடி ஓடுகிற கீழ்ச் சேனலுக்குள் ஏற்கெனவே தேங்கி நிற்கிறது, வண்டி முன்னால் சாய்ந்ததும் தளும்பி விழுகிறது. ஸ்லைடிங் ஜன்னலின் அமைப்பே அப்படி. கண்ணாடி நகர வேண்டும் என்றால் இடைவெளி இருந்தே தீரும், அந்த இடைவெளியில் மழைத் தண்ணீர் சேனலுக்குள் இறங்கத்தான் செய்யும். அது தெரிந்துதான் சேனலின் உட்பக்கச் சுவரை உயரமாகவும் வெளிப்பக்கச் சுவரைத் தாழ்வாகவும் வைத்து, அடியில் வெளிப்பக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகளும் போட்டிருக்கிறார்கள். இறங்கிய தண்ணீர் அந்த வழியாக வெளியே வடிந்துவிட வேண்டும்.

நம் பக்கத்துத் தூசி அந்த ஓட்டைகளை விட்டுவைப்பதில்லை. செம்மண், பர்கூர் சாலையில் பறக்கிற கிரானைட் தூள், கண்ணாடி உரசி ஓடுகிற வெல்வெட் பட்டையான பீடிங்கிலிருந்து உதிர்கிற பஞ்சு எல்லாம் ஈரத்தில் குழைந்து, காய்ந்ததும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது. கண்ணாடியை மூடி வைத்திருந்தால் மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஓட்டை இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மிச்சம் திறந்திருந்ததையும் நான் சிலிகான் வைத்து மூடிவிட்டேன்.

பழைய பேட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர் இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். வண்டியைப் பார்த்தவர் பீடிங்கைத் தொடவே இல்லை. "தம்பி, தண்ணி உள்ள வராம தடுக்கறதையே பாக்கற. வந்த தண்ணி எங்க போவும், அத சொல்லு மொதல்ல" என்று கேட்டுவிட்டு, பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றின் நுனியை வளைத்துச் சேனலின் மூலையில் விட்டுக் கிளறினார். இரண்டு மூன்று முறை கிளறியதும் வெளிப்பக்கம் சாக்பீஸ் துண்டு போல ஒன்று விழுந்தது. அதன் பின்னாலேயே டீ நிறத்தில் தண்ணீர், பெயிண்ட் மேல் ஒரு கோடாக இறங்கியது. மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது!

ஆகவே முதல் வேலை இதுதான். கண்ணாடியை ஒரு பக்கம் தள்ளி, பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்பு கலந்த தண்ணீரும் வைத்துச் சேனலைத் தேய்த்துக் கழுவுங்கள். ஸ்போக்ஸை விட்டு ஒவ்வொரு ஓட்டையையும் திறங்கள், ரப்பரையோ பெயிண்டையோ கீறிவிடாமல். பஞ்சர் கடையில் காற்று கேட்டு அடித்தால் மிச்சமும் போய்விடும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை நேராகச் சேனலில் ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்துக்கு வெளியே வடிந்தால் சரி. நின்று நின்று போனால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

இதற்குப் பிறகும் நனைகிறது என்றால், ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பரைச் சந்தேகப்படலாம். வெயிலில் காய்ந்து காய்ந்து ரப்பர் இறுகிவிடும், மூலைகளில் வெடிக்கும். இந்த மாதிரி ஒழுகல் ஜன்னலில் தெரியாது. தகட்டுக்குப் பின்னால் இறங்கி, தரையில் மேட் அடியில் போய் நிற்கும். கண்டுபிடிக்க நான் செய்தது இது. ஃபிரேமின் உட்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, சுற்றிலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினேன். என் பெண்ணை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே ஹோஸை மெதுவாகத் திறந்து கீழ் விளிம்பில் மட்டும் ஐந்து நிமிடம் காட்டினேன். பிறகு பக்கவாட்டு, கடைசியாக மேலே. எடுத்ததும் மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் தெரியாமல் போய்விடும். பக்கவாட்டுக்கு வந்தபோது "அப்பா, இங்க, இங்க!" என்று கத்தினாள். பின் மூலையில் பவுடரின் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு கீழே ஓடியிருந்தது.

அந்த ரப்பரைக் கழற்றியபோது அடியில் தகடு துரு ஏறிக் கிடந்தது. துருவின் மேலேயே புது ரப்பரைப் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு பிடிக்காமல் தடுக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அது காய்ந்து, பெயிண்டும் காய்ந்த பிறகு போடச் சொல்லுங்கள். வண்டி இரண்டு நாள் நிற்கும்தான். இரண்டு ஜன்னலுக்கு ரப்பரும் கூலியும் சேர்த்து எனக்கு 1,800 ரூபாய் ஆனது.

சிலிகான் எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் வினிகர் வாசனை அடிக்கிற மலிவான சிலிகானைத் தகடு தெரிகிற இடத்தில் போடாதீர்கள், அது இரும்பை அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முன் கண்ணாடி ஒட்டுகிற பி.யூ. (பாலியூரிதேன்) பசை. பழைய சிலிகானைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், அதன் மேல் வேறு எதுவும் பிடிக்காது. பெயிண்ட் கூடப் பிடிக்காது. ரப்பரைப் பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்காதீர்கள், ஊதிப்போய்விடும். கண்ணாடி இறுக்கமாக ஓடுகிறது என்று தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவுகிறவர்களும் உண்டு. இரண்டு வாரத்தில் தூசியெல்லாம் அதில் ஒட்டி ஓட்டை மறுபடி அடைத்துக்கொள்ளும். சிலிகான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, நினைவிருக்கும். அந்த மழையில் என் வேன் வீட்டு வாசலில் நின்றது. காலையில் திறந்து பார்த்தால் சேனல்கள் எல்லாம் சுத்தமாக வடிந்திருக்கின்றன, ஆனால் வலப்பக்கம் கடைசி சீட்டு நனைந்திருக்கிறது. ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்துதான் சொட்டுகிறது. ஜன்னல்தான் மறுபடி போய்விட்டது என்று நினைத்தேன். அந்த ஜன்னலைச் சுற்றி வெளியே பாலிதீன் ஷீட் வைத்து டேப் ஒட்டிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் சொட்டியது. கடைசியில் கூரையில் கேரியர் மாட்டியிருக்கிற போல்ட்டின் வாஷர் காய்ந்து உடைந்திருந்தது. தண்ணீர் கூரைத் தகட்டுக்கும் உள் லைனிங்குக்கும் நடுவில் மூன்றடி ஓடி வந்து ஜன்னலுக்கு மேலே இறங்கியிருக்கிறது. கேரியர் உள்ள வண்டி என்றால் ரப்பர் மாற்றச் செலவு செய்வதற்கு முன்னால் இந்த பாலிதீன் சோதனையைச் செய்துவிடுங்கள்.

தரை மேட்டையும் தூக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் பிளைவுட் ஊறிப்போயிருக்கும். இரண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்து போட்டுக் காயவிட்ட பிறகுதான் மேட்டைத் திரும்ப விரிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் விடும்போது பிரஷர் கன்னை ஜன்னல் ரப்பர் மேல் நேராகக் காட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன்.