பெற்றவர் கையெழுத்து இல்லாமல் தத்தா?

கேள்வி: என் சின்னம்மாவின் மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. ஒரு வருடமாகப் பணமும் இல்லை, பேச்சும் இல்லை. கணவன் பொத்துவில் பக்கம் வேறு குடும்பமாகிவிட்டார். பதினொரு வயது மகளும் எட்டு வயது மகனும் அம்மம்மாவுடன் இருக்கிறார்கள். தம்பிக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பதுகூட அக்காதான். இப்போது பிள்ளையில்லாத ஒரு தம்பதி இருவரையும் தத்தெடுக்க வழக்குப் போட்டிருக்கிறார்கள். பெற்றவர்கள் சம்மதிக்காமலே நீதிமன்றம் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுக்கலாமா? கொடுத்தே ஆகவேண்டும் என்றால், மகனை மட்டும் கொடுத்துவிட்டு மகளை அம்மம்மாவுக்குத் துணையாக வைத்துக்கொள்ள முடியாதா?
– ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. இலங்கையின் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டம் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆனால் பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், அல்லது தேடியும் கிடைக்காவிட்டால், அந்தச் சம்மதம் இல்லாமலே உத்தரவிடவும் நீதிபதிக்கு இடம் தருகிறது. பெற்றதனால் மட்டும் ஒருவர் காலம் முழுவதும் பிள்ளையின் வழியை மறித்து நிற்க முடியாது. பஸ் ஏறினால் வந்து சேரும் தூரத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காத தகப்பனின் கையெழுத்துக்காக நான் ஒரு சொல்கூடப் பரிந்து பேசமாட்டேன்.

தாயின் கதை வேறு. கடவுச்சீட்டையும் தொலைபேசியையும் எசமானர் பறித்து வைத்துக்கொண்டதால் ஆண்டுக்கணக்கில் குரல் கேட்காமல் போன பெண்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பணம் வரவில்லை என்பதை வைத்து அவள் பிள்ளைகளைக் கைவிட்டாள் என்று எழுதிவிடக் கூடாது. 'கிடைக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன் உண்மையிலேயே தேடியிருக்க வேண்டும். கல்முனையில் சுனாமியில் பெற்றோரைப் பிரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, '81ஆம் இலக்கக் குழந்தை' என்று உலகம் பேசிய அந்தப் பச்சைக் குழந்தையை, பெற்றோர் கதறியபோதும் நீதிமன்றம் உடனே கொடுத்துவிடவில்லை. மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பிறகே, 2005 பெப்ரவரியில் ஒப்படைத்தது. சேர்த்து வைப்பதற்கே அவ்வளவு நிதானம் வேண்டியிருந்தது. பிரித்து வைப்பதற்கு அதைவிட வேண்டாமா?

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைக் கொதிக்க வைத்தது. மகனை மட்டும் கொடுப்பதா? தாயும் தகப்பனும் போன பின் அந்தப் பையனுக்கு மிஞ்சியிருக்கும் தாய் அந்த அக்காதான். அவளுக்கும் அவனை விட்டால் யார்? உடன்பிறந்தவர்களைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வழிகாட்டுதலை விடுங்கள், பதினொரு வயதுப் பெண்பிள்ளையை 'துணைக்கு' வைத்துக்கொள்வது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுப்படியும் தண்ணீர்க் குடமும்தான். இருவரையும் சேர்த்துக் கேட்கும் அந்தத் தம்பதிக்கு உங்களைவிட அந்தப் பிள்ளைகளின் மனம் புரிந்திருக்கிறது.

இன்னொன்று. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் சட்டப்படி தேவை. பெற்றவர் கையெழுத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவளைக் கேட்டீர்களா?

மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருகிறது. அப்படியானால் அந்தப் பிள்ளைகளும் நீங்களும் ஒரே குடி. அவர்களுக்கு நீங்கள் பெரியம்மா. தத்துக் கொடுப்பது அநியாயம் என்று உண்மையில் நினைத்தால், இருவரையும் நானே வளர்க்கிறேன் என்று நீதிபதியிடம் போய்ச் சொல்லுங்கள். அது முடியாதென்றால், தாயைத் தேடவாவது உதவுங்கள். அவளுடைய கடவுச்சீட்டுப் பிரதி, அனுப்பிய முகவரின் பெயர், கடைசியாகப் பணம் வந்த வங்கிச் சிட்டை எல்லாம் அம்மம்மாவின் பெட்டியில் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு, அடுத்த வழக்குத் தவணைக்கு முன், பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலரையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தையும் போய்ப் பாருங்கள்.