ட்ரெய்லர் ஃபிரிட்ஜ்: கேஸில் ஓட்டுவதா, கரண்டில் ஓட்டுவதா?

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கிறோம். காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளேயே தங்கும் பழைய டிராவல் ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். ஃபிரிட்ஜ் புரொப்பேன் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். கேஸில் நன்றாகக் குளிர்கிறது, ஆனால் கேம்ப்கிரவுண்டில் (ட்ரெய்லரை நிறுத்தித் தங்கும் இடத்தில்) கரண்டு கொடுத்தால் மதியத்துக்குள் தயிர் புளித்துவிடுகிறது. ஜூலையில் கொலராடோ ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். எதில் ஓட்டுவது நல்லது? வண்டி ஓடும்போது கேஸ் எரியலாமா?

பதில்: கேஸில் நன்றாகக் குளிர்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. குளிரூட்டும் பகுதி நல்ல நிலையில்தான் இருக்கிறது. கரண்டில் போடும்போது அதற்குப் போதுமான சூடு கிடைப்பதில்லை.

சூடு என்று சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் கம்ப்ரசர் இதில் கிடையாது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. பின்பக்கக் குழாய்களில் அம்மோனியாவும் தண்ணீரும் கலந்து இருக்கும். அடியில் சூடு கொடுத்தால் அம்மோனியா ஆவியாகி மேலே போய், ஆறித் திரவமாகி, ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் வந்து மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து, தன் எடையால் கீழே இறங்கிவிடும். சூடு கேஸ் சுடரிலிருந்து வருகிறதா, ஹீட்டர் எலிமென்ட்டிலிருந்து வருகிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவுதான் கேம்ப்கிரவுண்டில் குறைகிறது. கோடை மதியத்தில் எல்லா ட்ரெய்லரிலும் ஏசி ஓடும்போது, 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 105 வருவது சகஜம். பார்த்தால் சின்ன வித்தியாசம், ஆனால் எலிமென்ட் தரும் சூடு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால் 325 வாட் எலிமென்ட் அப்போது 250 வாட்தான் தரும், அதாவது கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும், அதுவும் வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில். ஃபிரிட்ஜைக் கரண்டு, கேஸ் இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும் 'ஆட்டோ' நிலையில் வைத்தாலும் பயனில்லை, கரண்டு வருகிறது என்று தெரிந்தால் அதிலேயே நிற்கும், வலு குறைவு என்பதற்காகப் பெரும்பாலும் கேஸுக்கு மாறாது. நீங்கள்தான் பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ட்ரெய்லருக்குள் இருக்கும் ஒரு பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள், ஏசி ஓடும்போதே. 115-க்கு மேல் இருந்தும் குளிரவில்லை என்றால் எலிமென்ட்டைச் சந்தேகப்படுங்கள். கரண்டை முழுவதுமாகத் துண்டித்து, அதன் இரண்டு ஒயரையும் கழற்றி, அதே மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால் 325 வாட் எலிமென்ட்டுக்கு 44 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். சில பெரிய மாடல்களில் இரண்டு எலிமென்ட் இருக்கும், ஒன்று எரிந்துபோனாலும் இப்படித்தான் அரைகுறையாகக் குளிரும். எலிமென்ட்டை மாற்றுவது பெரிய செலவு இல்லை.

இது சரியாகிவிட்டால் கரண்டு வசதி உள்ள இடத்தில் கரண்டிலேயே ஓட்டுங்கள் என்பதுதான் என் கருத்து. பல இடங்களில் வாடகையிலேயே கரண்டுக் காசும் அடங்கிவிடும், கேஸும் மிச்சம்.

ஆனால் நீங்கள் போகும் பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில், மொரெய்ன் பார்க் உட்பட, பெரும்பாலான இடங்களில் ட்ரெய்லருக்குக் கரண்டு இணைப்பு கிடையாது. பேட்டரியில் இன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 325 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சாதாரண 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இணைப்பு இல்லாத இடத்தில் கேஸ்தான். 20 பவுண்டு சிலிண்டர் ஃபிரிட்ஜுக்கு மட்டும் என்றால் பத்து நாளுக்கு மேல் வரும். ஆனால் கேஸில் ஓடினாலும் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும், பேட்டரி இறங்கிவிட்டால் சுடரும் அணைந்துவிடும்.

அப்புறம் உயரம். 5,500 அடிக்கு மேல் கேஸ் பர்னரின் வேகம் குறையும், முடிந்தால் கரண்டுக்கு மாறுங்கள் என்று தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். மொரெய்ன் பார்க் 8,000 அடிக்கு மேல். பயப்பட வேண்டாம், அந்த உயரத்திலும் பலர் கேஸில் ஓட்டுகிறார்கள், ஆனால் பர்னர் சுத்தமாக இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வெளிப்பக்கக் கதவைத் திறந்து சுடரைப் பாருங்கள். நீலமாக, ஆடாமல் நின்றால் சரி. மஞ்சளாக இருந்தாலோ அடிக்கடி அணைந்தாலோ கேஸை மூடி, ஆறவிட்டு, மேலிருந்து உதிர்ந்திருக்கும் துருத் தூளையும் சிலந்தி வலையையும் எடுங்கள். கேஸ் வரும் நுண்துளைக்குள் மட்டும் கம்பி விடக்கூடாது, துளை பெரிதாகிவிடும், ஆல்கஹாலில் ஊறவைத்தால் போதும்.

எதில் ஓட்டினாலும் ட்ரெய்லர் சமமாக நிற்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பொதுவாகப் பக்கவாட்டில் 3 டிகிரி, ஃபிரிட்ஜின் முன்பின்னாக 6 டிகிரி வரைதான் சாய்வு தாங்கும். அதற்கு மேல் சாய்ந்து மணிக்கணக்கில் ஓடினால் திரவம் தேங்கி, அடிப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். அந்த அடைப்பை எடுக்க வழியில்லை, குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம், சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும்போது கேஸ் எரிவது பல மாநிலங்களில் சட்டப்படி தவறில்லை. ஆனாலும் நான் அணைக்கத்தான் சொல்வேன். விபத்தில் குழாய் உடைந்தால் அந்தச் சுடரே நெருப்பு வைத்துவிடும், பெட்ரோல் பங்கில் அணைக்க மறந்தாலும் அதே ஆபத்து. கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டுக் கரண்டில் போட்டு, உள்ளே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வந்த பிறகு, ஏற்கெனவே குளிர்ந்த சாமான்களை அடுக்குங்கள். கதவைத் திறக்காவிட்டால் நாலைந்து மணி நேரம் குளிர் நிற்கும். டெக்ஸாஸிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேர முடியாது, வழியில் கரண்டு உள்ள இடத்தில் இரவு தங்கினால் மறுபடி குளிர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள் அம்மோனியா நெடி அடித்தாலோ, பின்பக்கக் குழாயில் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ குழாயில் கசிவு. கேஸ், கரண்டு இரண்டையும் உடனே நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜைப் பற்றவைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் தீப்பற்றும்.