சிசேரியனில் குழந்தைக்கென யார் நிற்க வேண்டும்?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்கின் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். இரவு நேரச் சிசேரியன் என்றால் குழந்தைகள் நல மருத்துவர் வீட்டிலிருந்து வந்து சேர 20 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் அவர் முன்கூட்டியே வந்தாக வேண்டுமா? அவசரமென்றால் மயக்கவியல் மருத்துவர் குழந்தையையும் பார்த்துக்கொள்வார் என்கிறது நிர்வாகம். இது சரியா?

பதில்: நிர்வாகம் சொல்வது சரியல்ல. மயக்கவியல் மருத்துவரின் நோயாளி தாய். குழந்தையை வெளியே எடுக்கும் நேரத்தில்தான் தாய்க்கு ரத்தப்போக்கு மிகும், ரத்த அழுத்தம் சரியும். அப்போது அவரைத் தாயின் தலைமாட்டிலிருந்து அழைப்பது இரண்டு உயிர்களோடு விளையாடுவது.

இனி உங்கள் முதல் கேள்வி. எந்தப் பிரசவமானாலும், குழந்தையைத் தவிர வேறு வேலை இல்லாத ஒருவர் அரங்குக்குள் நிற்க வேண்டும். மாஸ்க்கும் பையும் வைத்துச் செயற்கை சுவாசம் கொடுக்க அவருக்குக் கை பழகியிருக்க வேண்டும். நிறைமாதம், சிக்கலற்ற கர்ப்பம், முதுகில் ஊசி போட்டுச் செய்யும் திட்டமிட்ட சிசேரியன் என்றால் பயிற்சி பெற்ற செவிலியரே போதும். ஆனால் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் பொருத்தத் தெரிந்த ஒருவர் அதே கட்டடத்தில், கூப்பிட்டவுடன் வரும்படி இருக்க வேண்டும். அவர் குழந்தைகள் நல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற பணி மருத்துவராகவும் இருக்கலாம். வீட்டில் தொலைபேசியோடு காத்திருப்பவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்.

குறைமாதம், இரட்டைக் குழந்தை, முழு மயக்கம், குழந்தையின் இதயத்துடிப்பில் கோளாறு, நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து ரத்தப்போக்கு போன்ற நிலைகளில் ஒருவர் போதாது. குறைந்தது இருவர் வேண்டும். குழாய் பொருத்தத் தெரிந்தவரும் கத்தி வைப்பதற்கு முன்பே உள்ளே நிற்க வேண்டும்.

காரணம் நேரம்தான். துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டும் மூச்சு விடாத குழந்தைக்கு, பிறந்த 60 விநாடிக்குள் பையை அழுத்தத் தொடங்கியாக வேண்டும். நுரையீரல் விரியும்படி 30 விநாடி காற்று கொடுத்தும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ எட்டவில்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும்: மூன்று அழுத்தம், ஒரு மூச்சு. அழுத்த ஒருவர், பையைப் பிடிக்க இன்னொருவர். இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தை எடுக்க மூன்றாவது கை தேவைப்படும்.

பணிப்பட்டியலில் 'குழந்தைக்கு' என்று ஒரு பெயர் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அதே செவிலியர்தான் பஞ்சுத்துணியை எண்ணுகிறார், தையல் நூலும் எடுத்துக் கொடுக்கிறார். அப்படியென்றால் குழந்தைக்கு ஆள் இல்லை என்றே பொருள். அறுவைக்கு முந்தைய சரிபார்ப்பில் "குழந்தைக்கு யார்?" என்று உரக்கக் கேளுங்கள், பெயருக்குரியவர் வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) பக்கத்தில் நின்று, பையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும். ஆள் இல்லையென்றால், திட்டமிட்ட சிசேரியனைத் தள்ளிவைக்கச் சொல்ல உங்களுக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம் கேட்டு வாங்குங்கள்.