எஸ்.எம்.பி.எஸ். எரிந்தது, மாற்றியாச்சு, அப்புறம் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து வீட்டின் முகப்பில் ஓர் அறையை அலுவலகமாக்கி, கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. போன வாரம் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, ஃபேன் திடீரென்று வேகமெடுத்தது. வளவில் இருக்கும் குண்டு பல்பு பளீரென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் ‘டப்’ என்று சத்தம், கருகல் வாசனை. டிவி பெட்டியின் அடாப்டரும் போய்விட்டது. மெக்கானிக் வந்து புது எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போட்டார், கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனால் இரண்டொரு தடவை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. எல்லோரும் இடி என்கிறார்கள். உள்ளே வேறு ஏதாவது அடிபட்டிருக்குமா? ஸ்டெபிலைசர் வாங்கினால் இனிமேல் தப்பிக்கலாமா?

பதில்: இது இடியின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. இடியால் லைனில் ஏறும் மின்னழுத்தம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காது. அதற்குள் ஃபேன் வேகமெடுக்க முடியாது. ஃபேன் வேகமெடுத்து, பல்பு பளீரென்று எரிந்து, அதன் பிறகு ‘டப்’ என்றால் அது பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) கழன்ற கதை. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் கம்பி எங்காவது விட்டுப்போனால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் சாமான்கள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். மோட்டாரோ ஏசியோ ஓடும் ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும். ஒரு பல்பும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் இருக்கும் ஃபேஸில் 300, 350 என்று ஏறும். அன்று உங்கள் முகப்பு அறை அந்த ஃபேஸில் இருந்திருக்கிறது.

அதனால் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பு மெயின் போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் இணைப்பு தளர்ந்து கருத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தாலே தெரியும். உள்ளே சரியாக இருந்தால் கோளாறு மீட்டருக்கு வெளியே, மின்கம்பத்துப் பக்கம். அதை மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு எத்தனை எஸ்.எம்.பி.எஸ். மாற்றினாலும் அடுத்ததும் எரியும். மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச், அதாவது எம்.சி.பி., இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது கரண்ட் கூடினால் விழும், வோல்டேஜ் கூடினால் விழாது.

இனி உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். எஸ்.எம்.பி.எஸ். முதலில் 230 வோல்ட்டைச் சுமார் 325 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) நிரப்பும். அந்தக் கெப்பாசிட்டர் பொதுவாக 400 வோல்ட் வரை தாங்கக்கூடியது. உள்ளே வருவது 350 ஆனால் டி.சி. பக்கம் 490ஐத் தாண்டும். கெப்பாசிட்டர் வெடிக்கும், அல்லது அதற்குப் பக்கத்திலிருக்கும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி ஃபியூஸைக் கொண்டுபோகும். கரண்ட் உள்ளே வரும் முன்பக்கத்தில், ஏறிவரும் வோல்டேஜை உறிஞ்சுவதற்கு எம்.ஓ.வி. என்று நாணயம் போல வட்டமாக ஒரு பாகம் இருக்க வேண்டும், மலிவான எஸ்.எம்.பி.எஸ்.களில் போர்டில் அதற்கான இடம் மட்டும் காலியாக இருக்கும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இதெல்லாம் நடப்பது முன்பக்கத்தில். மதர்போர்டுக்குப் போகும் 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், நேரடித் தொடர்பு இல்லாமல் இருக்கின்றன. முன்பக்கம் வெடித்துச் செத்தால் பின்பக்கம் பெரும்பாலும் சும்மா அணைந்துவிடும். சத்தம் பெரிதாக இருந்ததே என்று பயப்பட வேண்டாம். சத்தமில்லாத சாவுதான் மோசம். எஸ்.எம்.பி.எஸ். தன் வோல்டேஜைத் தானே அளந்து கட்டுப்படுத்தும் சுற்று கெட்டால், 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 15, 16 என்று ஏறும். நல்லவற்றில் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு உடனே நிறுத்தும். மட்டமானவற்றில் அது மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடியும் இப்படிச் சத்தமில்லாமல் கெடுக்கலாம், அது பிராட்பேண்ட் வயர் வழியாக நேரே லேன் போர்ட்டுக்குள் (நெட் வயர் செருகும் இடம்) நுழையும். எஸ்.எம்.பி.எஸ். நன்றாகவே இருக்கும், நெட் மட்டும் வராது.

மூன்றாவதாக, தேய்ந்து சாவது. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் காய்ந்துகொண்டே வரும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. நம் பக்கத்துச் சித்திரை வெயிலும், செம்மண் புழுதி அடைத்த ஃபேனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புதுவயல் அரிசி ஆலைகளில் உமித்தூசி வேறு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்ப்யூட்டரை அணைத்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதிலிருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால், ஓடும் வரை ஓடும், ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு உயிரே வராது. ‘கரண்ட் வந்தபோது அடித்துவிட்டது’ என்று வரும் கேஸ்களில் பல இதுதான்.

சரி, உறைந்து நிற்பதற்கு வருவோம். முதல் வேலை சோதனை இல்லை, காப்பி. கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கரண்ட் திடீரென்று போகும்போது திறந்திருந்த டேட்டா பாதியில் நின்றிருக்கும். கணக்கு மென்பொருளான டேலியில் டேட்டாவைப் பழுதுபார்க்க ரீரைட் கொடுப்பதோ, விண்டோஸில் டிஸ்க்கைப் பழுதுபார்க்க செக்டிஸ்க் ஓட்டுவதோ காப்பி எடுத்த பிறகுதான். இரண்டுமே டிஸ்க்கில் இருப்பதை மாற்றி எழுதும்.

அடுத்த தடவை உறையும்போது மவுஸை அசைத்துப் பாருங்கள். அம்பு நகர்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் டிஸ்க் பக்கம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 5, 197 ஆகிய வரிகளின் கடைசி எண் சுழியமாக இருக்க வேண்டும் (197ஐ அது சி5 என்று காட்டும்). 199, அதாவது சி7, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அது டேட்டா கேபிள் சரியாக உட்காராததன் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது கை பட்டு அந்த கேபிள் தளர்வது மிகச் சாதாரணம். கழற்றி அழுத்திச் செருகினால் உங்கள் பிரச்சினை அதோடு முடிந்தாலும் முடியலாம்.

அம்பும் சேர்ந்து உறைந்தால் ரேம், மதர்போர்டு, இல்லாவிட்டால் புது எஸ்.எம்.பி.எஸ். ரேமை எடுத்து மறுபடி செருகிவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டு ஒரு இரவு விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை மாற்ற வேண்டியதுதான். கேபினெட்டைத் திறந்து, பிராசசரைச் சுற்றியிருக்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மதர்போர்டுக்கு வயதாகிவிட்டது. அது அன்று ஒரே நாளில் வந்த நோயாக இருக்காது.

புது எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் சும்மா விடமாட்டேன். மெக்கானிக் அவசரத்துக்குக் கையிலிருந்ததைப் போட்டிருப்பார். அதன் லேபிளில் பெரிதாக அச்சடித்த வாட் கணக்கை விட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 450 வாட் என்று போட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான் என்றால் அந்த வழியில் கிடைப்பது 192 வாட். கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கு அது போதும்தான், ஆனால் லேபிள் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் கம்ப்யூட்டர் ஓடும்போதே, சும்மா தொங்கும் நான்கு கம்பி பிளக்கில் அளக்கலாம். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25 வரை. முனைகள் ஒன்றோடொன்று படாமல் பிடியுங்கள். வேலை எதுவும் இல்லாதபோது 12.1 காட்டி, பெரிய ஃபைலைத் திறந்தால் 11.5க்கு இறங்கினால், எல்லைக்குள்தான் என்றாலும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வோல்டேஜ் சரியாக இருந்தும், அது வேகமாக ஏறி இறங்கும் சின்ன அலைகள் (ரிப்பிள்) அதிகமாக இருக்கலாம்; அதை மல்டிமீட்டர் காட்டாது. வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் நேரான வழி. எரிந்துபோன பழையதைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு கரண்ட் நிற்கும்.

எரிந்த உடனே இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. புதியதை மாட்டும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதலில் மதர்போர்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கை மாட்டினதும் எஸ்.எம்.பி.எஸ். நின்றுபோனால், டிஸ்க்கின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். தன்னைக் கொடுத்து டிஸ்க்கைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்தது அது. டேட்டா பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அதே மாடல் போர்டு வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கு உரிய தகவல் போர்டிலேயே இருக்கிறது. டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டாம். இன்றைய நல்ல எஸ்.எம்.பி.எஸ். பல 100 வோல்ட் முதல் 240 வரை தானே சமாளிக்கும். லோ வோல்டேஜ் அதற்குப் பிரச்சினை இல்லை. அந்தப் பணத்தில் மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போடுங்கள். 270 வோல்ட் பக்கம் வந்ததும் லைனைத் துண்டிக்கிற மாதிரி மூன்று ஃபேஸுக்கும் கிடைக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் சேர்த்தே காவல்.

எர்த்தையும் பார்த்துவிடுங்கள். தேக்குக் கட்டையில் வயர் ஓடும் நம் வீடுகளில் முகப்புப் பக்கம் எர்த் கம்பி வந்திருக்காது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைக் கொத்த யாருக்கும் மனம் வராது. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை. அப்படியானால் திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்க என்று கடையில் வாங்கும் சர்ஜ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பாதி வேலைதான் செய்யும். அந்த ஓர் அறைக்கு மட்டுமாவது சுவரோடு ஒரு பைப்பில் எர்த் கம்பியைக் கொண்டுவந்துவிடலாம், சுவரைக் கொத்த வேண்டியதில்லை. எர்த் குழி செம்மண் தரையில் இருந்தால் பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது.